தாயம் விழாத காய்கள்: பால்புதுமையர் விளையாட்டு விழாக்களில் பெயர், விதி, கூடம்

1. முன்னுரை

தாயக்கட்டம் ஆடியவர்களுக்குத் தெரியும், தாயம் விழாத வரை காய் கட்டத்துக்குள் இறங்காது. மற்றவர்களின் காய்கள் சுற்றி வந்து ஒவ்வொன்றாகப் பழமாகிக்கொண்டிருக்கும். நம் காய் கட்டத்துக்கு வெளியே தரையில் கிடக்கும். கோபித்துக்கொள்ள ஆள் கிடையாது. யாரும் நம்மைத் தடுத்து நிறுத்தவில்லை, விதி அப்படி.

வீடியோ கேம்களின் முதல் கால் நூற்றாண்டில் தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் ஏறக்குறைய இந்த நிலையில்தான் இருந்தார்கள். காசு கொடுத்து வாங்கினார்கள், இரவெல்லாம் விழித்து ஆடினார்கள். ஆனால் அவர்களைப் போன்ற ஒரு காய் கட்டத்துக்குள் இறங்கவில்லை. இறங்கியவை பெரும்பாலும் கேலிப்பொருளாகவோ வில்லனாகவோ இறங்கின. 2013-இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த கேமர்எக்ஸ் விழா இந்த நிலைக்கு ஒரு விடையாக எழுந்தது. அவ்விழாவை நடுவில் வைத்து, அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டில் ஒரு மனிதர் இடம்பெறுவது மூன்று படிகளில் நிகழ்கிறது. முதலாவது பெயர்: பாத்திரங்களுக்கு என்ன பெயர், அவர்கள் யாரை நேசிக்கிறார்கள் என்பது. இரண்டாவது விதி: ஆட்டம் எதைச் செய்ய அனுமதிக்கிறது, எதற்குப் பலன் தருகிறது என்பது. மூன்றாவது கூடம்: ஆடுபவர்கள் எங்கே, யாரோடு, எந்த ஒழுங்கின் கீழ் கூடுகிறார்கள் என்பது. பால்புதுமையர் விளையாட்டு விழா இம்மூன்றையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவருகிறது. ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் தளர்ந்துபோகின்றன என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அமெரிக்காவைச் சேர்ந்தவை. ஜெர்மனியும் இந்தியாவும் இடையிடையே வருகின்றன.

2. சொற்கள்

2.1 பால்புதுமையர்

பாலினத்திலும் பாலீர்ப்பிலும் பெரும்பான்மை வழக்கத்திலிருந்து வேறுபட்டவர்கள் அனைவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாகப் 'பால்புதுமையர்' எழுத்துத் தமிழில் நிலைபெற்று வருகிறது. இத்தகைய மக்களைக் கண்ணியமான சொற்களால் குறிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு முன் இக்கட்டுரையைத் தமிழில் எழுதியிருந்தால் பாதிச் சொற்கள் வசையாகவே இருந்திருக்கும்.

2.2 கேமர்

வீடியோ கேம் ஆடுபவரை ஆங்கிலத்தில் 'கேமர்' என்பார்கள். தன்பாலீர்ப்பாளர்கள் அதே சொல்லின் நடுவே ஓர் எழுத்தைக் கூட்டி, 'கே' என்ற சொல்லையும் உள்ளே வைத்துத் தங்களுக்கு ஒரு பெயர் சூட்டிக்கொண்டார்கள். வேறுபாடு கண்ணுக்கு மட்டும்தான். காதுக்கு இரண்டும் ஒன்றே. தமிழில் எழுதினால் அந்த ஓர் எழுத்தும் மறைந்து, இரண்டும் 'கேமர்' ஆகிவிடுகின்றன. இந்தச் சிலேடையே அவர்கள் நிலையின் சுருக்கம் எனலாம். குரல் மட்டும் கேட்கும் இணைய ஆட்டத்தில் அவர்களும் மற்றவர்களில் ஒருவர், தாமாகச் சொன்னாலன்றித் தெரியாது, சொன்னபின்தான் தொல்லை.

அந்தப் பெயருக்கே ஒரு வழக்கு நடந்தது. ஓர் இணையதளத்தின் உரிமையாளர் அச்சொல்லைத் தம் வணிகக் குறியாகப் பதிவு செய்துவைத்திருந்தார். ரெடிட்டில் அதே பெயரில் இயங்கிய பெருங்குழு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று கடிதம் அனுப்பினார். மின்னணு எல்லை அறக்கட்டளையின் வழக்கறிஞர்கள் குழுவின் பக்கம் நின்றார்கள். 2013-இல் அந்தப் பதிவு நீங்கியது. ஒரு மக்கள் கூட்டம் தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமைக்குக்கூட வழக்காட வேண்டியிருந்தது.

2.3 மேசை விளையாட்டு

அட்டை, பகடை, காய், பலகை ஆகியவற்றோடு எதிரெதிரே அமர்ந்து ஆடுபவை அனைத்தையும் இக்கட்டுரை மேசை விளையாட்டு என்கிறது. இவற்றுள், ஆளுக்கு ஒரு பாத்திரத்தை ஏற்றுப் பேசிப் பேசியே கதையை வளர்க்கும் ஆட்டங்கள் தனி வகை. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகையின் மூத்தது. இவற்றைப் பாத்திர ஆட்டங்கள் என்று குறிப்போம்.

3. விழாவுக்கு முன்

3.1 பெயர் மாற்றி விற்ற விளையாட்டு

பால்புதுமையரை நடுவில் வைத்து உருவானவற்றுள், நமக்குத் தெரிந்த முதல் வீடியோ கேம் 1989-இல் வந்த 'கேப்பர் இன் தி காஸ்ட்ரோ'. மேக்கின்டோஷ் கணினிக்கு, ஹைப்பர்கார்ட் என்ற மென்பொருளில் சி. எம். ரால்ஃப் என்ற பெண் இதை உருவாக்கினார். காஸ்ட்ரோ என்பது சான்பிரான்சிஸ்கோவில் தன்பாலீர்ப்பாளர்கள் திரண்டு வாழும் பகுதி. துப்பறிவாளர் டிராக்கர் மெக்டைக் பெண்களை நேசிக்கும் பெண். பெண் வேடத்தில் மேடையேறும் அவருடைய நண்பர் டெஸி லாஃபெம் காணாமல் போகிறார், தேட வேண்டும். வில்லனின் பெயர் டல்லகன் ஸ்ட்ரெய்ட்மேன். எதிர்பாலீர்ப்பாளரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அவனுக்குக் குடும்பப் பெயர்.

ரால்ஃப் இதற்கு விலை வைக்கவில்லை. எய்ட்ஸ் நோய் அந்தத் தெருக்களைச் சூறையாடிக்கொண்டிருந்த காலம் அது. ஆட்டம் பிடித்திருந்தால், உங்களுக்குப் பிடித்த எய்ட்ஸ் நிவாரண அமைப்புக்கு நன்கொடை கொடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். தொலைபேசிக் கம்பி வழி இயங்கிய அறிவிப்புப் பலகைகளின் மூலம் ஆட்டம் கைமாறிக் கைமாறிப் பரவியது.

அதே நிரலை எடுத்து, பாத்திரங்களின் பெயரையும் ஊரையும் மாற்றி, 'மர்டர் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' என்ற தலைப்பில் ரால்ஃப் கடை விற்பனைக்கும் கொடுத்தார். புதிர்களும் திறக்க வேண்டிய கதவுகளும் அப்படியே இருந்தன. பெயர் ஒன்றுதான் போனது. பெயர் போனதும் சந்தை கதவைத் திறந்தது. நம் மூன்று படிகளில் முதலாவது எவ்வளவு கனமானது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று கிடையாது.

3.2 பெயரைத் தலைகீழாக்கிய விளையாட்டு

1992-இல் ரயன் பெஸ்ட் என்பவர் விண்டோஸ் கணினிக்கு 'கேபிளேட்' என்ற சாகச ஆட்டத்தை எழுதினார். சுரங்கத்தில் சிறைப்பட்ட பேரரசி நெல்டாவை மீட்க வேண்டும். வழியில் எதிர்ப்பவர்கள் பூதங்கள் அல்லர். மொட்டைத்தலை வெறியர்களும் தொலைக்காட்சிப் போதகர்களும். கைப்பையும் முடி உலர்த்தியும் ஆயுதங்கள். இறுதி எதிரி நானாகுப் பிரபு. பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்தால், அந்த ஆண்டு குடியரசுக் கட்சி மாநாட்டில் தன்பாலீர்ப்பாளர்களைத் தாக்கிப் பேசிய பேட் பியூக்கனனின் பெயர் வரும். தெருவில் தங்களை அடித்தவர்களைத் திரையில் திருப்பி அடிக்கும் வேடிக்கை அது. விதிகள் வழக்கமான சாகச ஆட்டத்தின் விதிகளே. பெயர்கள் மட்டும் இடம் மாறின.

3.3 தற்செயலாக நுழைந்த விதி

விதி மாறியது பெரிய நிறுவனத்தில், அதுவும் தற்செயலாக. மனிதர்களின் அன்றாட வாழ்வை நடத்திப் பார்க்கும் 'தி சிம்ஸ்' ஆட்டம் உருவாகிக்கொண்டிருந்தபோது புதிதாக வேலைக்குச் சேர்ந்த நிரலாளர் பேட்ரிக் பாரெட்டிடம், பாத்திரங்கள் ஒருவரோடொருவர் பழகும் முறையை எழுதும் பொறுப்பு வந்தது. அவர் கையில் கிடைத்தது பழைய வடிவமைப்பு ஆவணம். ஒரே பாலினத்தவரிடையே காதல் வேண்டாம் என்று குழு பின்னால் எடுத்த முடிவு அதில் இல்லை. பாரெட் ஆவணப்படி எழுதினார். 1999-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் இ3 வீடியோ கேம் கண்காட்சியில் ஒரு திருமணக் காட்சியை நேரடியாக ஓடவிட்டுக் காட்டினார்கள். விருந்தினர் வரிசையில் நின்ற இரண்டு பெண் பாத்திரங்கள், யாரும் இயக்காமல், தாமாகவே முத்தமிட்டுக்கொண்டன. பத்திரிகையாளர் கூட்டம் அந்தத் திரை முன் திரண்டது.

இங்கே நடந்தது 'கேப்பர்' ஆட்டத்துக்கு நேர் எதிர். எந்தப் பாத்திரத்துக்கும் தன்பாலீர்ப்பாளர் என்று பெயரிடவில்லை; இருவரிடையே அன்பு ஓர் அளவைத் தாண்டினால் முத்தம் நிகழும் என்ற விதி மட்டும் பாலினம் பார்க்காமல் எழுதப்பட்டிருந்தது. அந்த விதியும் ஒரே நாளில் முழுமை பெறவில்லை. 2000-இல் வந்த முதல் ஆட்டத்தில் அப்படிப்பட்ட இணை சேர்ந்து வாழலாம், மணக்க முடியாது. 2004-இல் இரண்டாம் ஆட்டம் 'இணைவு' என்று வேறு பெயரில் ஒரு சடங்கைக் கொடுத்தது. 2009-இல் மூன்றாம் ஆட்டம் எல்லோருக்கும் ஒரே திருமணத்தை வைத்தது. நாட்டுச் சட்டங்கள் நடந்த பாதையில், ஒரு சிறு நிரலும் சிறு சிறு அடியாக நடந்திருக்கிறது.

3.4 இணையத்தில் கூடியபோது

பெயரும் விதியும் இப்படித் துளித்துளியாக வந்துகொண்டிருக்க, மூன்றாவது படியான கூடம் மோசமாகவே இருந்தது. 2006-இல் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆட்டத்தில் ஒரு பெண், பால்புதுமையரை வரவேற்கும் குழு ஒன்றை அமைப்பதாகப் பொது அரட்டையில் அறிவித்தார். நிர்வாகம் எச்சரித்தது அவரைத்தான். பாலியல் சார்பு குறித்துப் பேசுவது தொந்தரவுக்கு வழிவகுக்கும் என்று காரணம் சொன்னார்கள். செய்தி பரவியதும் மன்னிப்புக் கேட்டார்கள். எக்ஸ்பாக்ஸ் இணைய சேவையில் பயனர் பெயரில் 'கே' என்ற சொல் இருந்தாலே அது விதிமீறலாக இருந்தது. தம் குடும்பப் பெயரிலேயே அந்த ஒலி அமைந்துவிட்ட ஒருவரின் கணக்கும் 2008-இல் சிக்கிக்கொண்டது. 2010-இல்தான் மைக்ரோசாஃப்ட் விதியைத் திருத்தியது. வசைபாடுபவனும் வசைபட்டவரும் பயன்படுத்துவது ஒரே சொல் என்பதால், சொல்லையே தடை செய்தார்கள். வசை நின்றதா? அது வேறு சொல்லில் தொடர்ந்தது. தன் பெயரைச் சொல்ல வழியில்லாமல் போனது வசைபட்டவருக்கு மட்டும்.

4. கேமர்எக்ஸ்

4.1 பணம் திரண்ட விதம்

2012 ஆகஸ்டில் மேட் கான் என்பவரும் நண்பர்களும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள். பால்புதுமையர் விளையாட்டு ஆர்வலர்களுக்கென்று ஒரு மாநாடு, அதற்கு 25,000 டாலர் வேண்டும். அப்போது அதன் பெயர் கேமர்கான். பின்னால் கேமர்எக்ஸ் ஆனது. 91,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. பெரிய நிறுவனம் எதுவும் மனம் வைப்பதற்கு முன்பே, வர விரும்பியவர்கள் வாசல் கட்டணத்தை முன்கூட்டிச் செலுத்தி அந்த வாசலையே கட்டிவிட்டார்கள். 2013 ஆகஸ்ட் 3, 4 தேதிகளில் சான்பிரான்சிஸ்கோ ஜப்பான்டவுனில் உள்ள கபுகி விடுதியில் விழா நடந்தது.

4.2 மேடையில் ஒரு குரல்

அந்த விழாவின் ஒரு நிகழ்ச்சியை அருகில் சென்று பார்ப்பது தகும். 2007-இல் வந்த 'போர்ட்டல்' ஆட்டத்தை ஆடியவர்கள் கிளாடோஸை மறந்திருக்க மாட்டார்கள். ஆய்வுக்கூடத்தை ஆளும் கணினி அது. ஆடுபவரை ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு அனுப்பிச் சோதனை வைக்கும், விதியைச் சொல்லும், கேக் தருவதாக ஆசை காட்டும், கடைசியில் கொல்லப் பார்க்கும். அதற்குக் குரல் கொடுத்தவர் எல்லன் மெக்லெய்ன். இசைநாடகப் பயிற்சி பெற்ற அவருடைய குரல், உணர்ச்சியைத் துடைத்துவிட்டு இயந்திரமாக ஒலிக்கும்.

மெக்லெய்ன் முதல் கேமர்எக்ஸுக்கு வந்திருந்தார். பார்வையாளரில் ஓர் இளைஞர் தம் காதலரை மணக்கக் கேட்க விரும்பினார். கிளாடோஸின் குரலில் அதற்குத் துணை நிற்குமாறு அவரிடம் வேண்டினார். அவர் அப்படியே செய்தார். இணை சம்மதித்தார், கூடம் ஆர்ப்பரித்தது.

இதை வெறும் நெகிழ்ச்சிக் காட்சியாகக் கடந்துவிடக் கூடாது. கலிஃபோர்னியாவில் ஒரே பாலினத்தவர் திருமணத்தை நிறுத்திவைத்திருந்த சட்டத் திருத்தம் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2013 ஜூன் 26 அன்று. அங்கே திருமணங்கள் மீண்டும் தொடங்கியது ஜூன் 28 அன்று. விழா அதற்கு ஐந்து வாரம் பின்னால் வந்தது. இரண்டு மாதம் முன்னால் அந்த மேடையில் அதே கேள்வியைக் கேட்டிருந்தால், பதில் சம்மதமாக இருந்தாலும் அந்த மாநிலத்தில் நடக்க வழியில்லை. வெளியே நாட்டின் விதி மாறியிருந்தது. உள்ளே, விதி இட்டே மிரட்டிய ஒரு குரல் வாழ்த்தியது. பெயர், விதி, கூடம் மூன்றும் ஒரு நிமிடம் ஒரே இடத்தில் நின்றன.

4.3 தொடர்ச்சியும் தட்டுப்பாடும்

இரண்டாம் விழா 2014 ஜூலையில் அதே நகரில் நடந்தது. அதுவே கடைசி என்று அமைப்பாளர்கள் முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். கைகொடுக்கும் நிறுவனங்கள் போதவில்லை. ஆனால் அந்த ஆகஸ்டில் 'கேமர்கேட்' என்ற பெயரில் பெண் படைப்பாளர்கள் மீது இணையத்தில் பெரும் வேட்டை தொடங்கியது. பாதுகாப்பான கூடம் ஒன்றின் தேவை முன்னைவிடக் கூடியது. 2015 டிசம்பரில் சான்ஹோசேயில் மூன்றாம் விழா, எல்லோரும் விளையாடுபவர்களே என்ற பொருள் தரும் முழக்கத்தோடு, ஜிஎக்ஸ் என்று சுருங்கிய பெயரில் வந்தது. 2016-இல் சிட்னியிலும் 2017-இல் நியூயார்க்கிலும் கிளை விழாக்கள் நடந்தன.

ஏறத்தாழ இதே காலத்தில் கல்விப்புலமும் நகர்ந்தது. 2013 அக்டோபரில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், பால்புதுமைக் கோட்பாட்டையும் விளையாட்டையும் இணைத்துப் பேசும் முதல் மாநாடு கூடியது. அதே ஆண்டில் ஒரே சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில், ஒன்று கொண்டாடவும் ஒன்று ஆராயவும் இரண்டு கூடங்கள் திறந்தது தற்செயல் அல்ல. மென்பொருள் தொழிலும் காஸ்ட்ரோ தெருவும் அடுத்தடுத்து இருக்கும் ஊர் அது.

5. கூடத்தின் விதிகள்

5.1 மார்பில் ஒரு வில்லை

இத்தகைய விழாக்களுக்குள் நுழைபவர் பெயர் அட்டையோடு இன்னொரு சிறு வில்லையையும் அணிந்துகொள்ளலாம். தன்னை எந்தச் சுட்டுப்பெயரால் குறிக்க வேண்டும் என்று அது சொல்லும். ஆங்கிலத்தில் படர்க்கை ஒருமைக்கு ஆண், பெண் என இரண்டே வழக்கு. இரண்டிலும் அடங்காதவர்கள் பன்மைச் சுட்டை எடுத்துக்கொள்கிறார்கள்.

தமிழர் இதைக் கேட்டு வியக்க ஒன்றும் இல்லை. நமக்கு 'அவர்' இருக்கிறார். ஒருமையிலேயே பாலினம் சொல்லாமல் மதிப்போடு குறிக்கும் சொல் அது. அறிமுகமில்லாதவரை நாம் அப்படித்தான் குறிக்கிறோம். ஆனால் ஆங்கிலத்தில் இல்லாத ஒரு சிக்கல் நம்மிடம் உண்டு. ஆங்கில வினை பாலைக் காட்டாது; தமிழ் வினை வந்தான், வந்தாள், வந்தார் என்று ஒவ்வொரு வாக்கிய முடிவிலும் காட்டிவிடும். ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்களுக்கெனத் தனி ஈறு இல்லை, அவை உயர்திணையின் மற்ற ஈறுகளையே கொண்டு முடியும் என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே பேசுகிறது. விழாவின் வில்லை எதைத் தீர்க்கப் பார்க்கிறதோ, அந்தக் கேள்வியை நம் இலக்கணம் என்றோ எழுப்பியிருக்கிறது.

5.2 கழிவறையும் அட்டையும்

இவ்விழாக்களில் கழிவறைக் கதவுகளின் ஆண், பெண் பலகைகளை மறைத்துவிட்டு, யாரும் எதையும் பயன்படுத்தலாம் என்று எழுதி ஒட்டுகிறார்கள். இரண்டு நாள் மாநாட்டில் ஒரு திருநர் தண்ணீர் குடிக்கலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்வது இந்தக் காகிதம்தான். கொள்கை அறிக்கைகளைவிட இது பெரிய காரியம்.

மேசை விளையாட்டு அறைகளில் இன்னொரு பொருளைக் காணலாம்: நடுவே 'எக்ஸ்' எழுதிய ஒரு வெற்று அட்டை. ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்ற நியூயார்க் ஆட்டக்காரர் பரப்பிய முறை இது. கதை யாருக்காவது பொறுக்க முடியாத இடத்துக்குப் போனால், அவர் அட்டையைத் தொட்டால் போதும். காரணம் கேட்க மாட்டார்கள். அந்தக் காட்சியை அழித்துவிட்டு மேலே போவார்கள். முன்பின் அறியாதவர்கள் ஒரே மேசையில் அமர்ந்து காதலையும் அவமானத்தையும் நடித்துப் பார்க்கும் இடத்தில், இந்த அட்டையும் ஓர் ஆட்ட விதிதான். பகடைக்கு மேலான விதி.

6. மேசையின் மேல்

மேசை விளையாட்டில் விதி திறந்த புத்தகம், நிரலுக்குள் ஒளிந்திருப்பதில்லை. ஆகவே பால்புதுமையர் படைப்பாளர்கள் விதியைக் கொண்டே பேசிய மிகத் துணிவான ஆட்டங்கள் இங்கே பிறந்தன.

அவெரி ஆல்டரின் 'மான்ஸ்டர்ஹார்ட்ஸ்' 2012-இல் வந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள். ஒவ்வொருவருக்குள்ளும் ஓர் ஓநாயோ பேயோ சூனியக்காரியோ. ஆட்டத்தின் நடு விதி எளிது. ஒரு பாத்திரம் இன்னொருவரின் மனத்தைக் கிளர்த்த முயன்றால் இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். எண் போதுமான அளவு விழுந்தால் ஈர்ப்பு ஏற்பட்டுவிட்டது. என் பாத்திரம் பெண்களை மட்டுமே விரும்புபவன் என்று ஆடுபவர் மறுக்க முடியாது. ஈர்ப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவர் விருப்பம். ஈர்ப்பு வருமா என்பது அவர் கையில் இல்லை. பதினாறு வயதில் தன் மனம் எங்கே போகிறது என்று தானே அறியாமல் திகைத்தவர்களுக்கு இந்த விதியை விளக்கத் தேவையில்லை. அந்தத் திகைப்பை அறியாதவர்களுக்கோ, ஒரு மாலைப்பொழுதுக்கு அதைக் கடன் கொடுக்கும்.

ஆல்டரின் மற்றோர் ஆட்டம் 'ட்ரீம் அஸ்க்யூ'. உலகம் சரிந்துகொண்டிருக்கும்போது அதன் ஓரத்தில் பால்புதுமையர் கட்டிக்கொண்ட ஒரு குடியிருப்பு. பகடை கிடையாது, ஆட்டத்தை நடத்தும் தலைவரும் கிடையாது. தன் பாத்திரம் தடுமாறுவதாகவோ பலவீனப்படுவதாகவோ காட்டினால் ஒரு வில்லை கிடைக்கும். வலிமையாக எதையாவது சாதிக்க அந்த வில்லையைச் செலவழிக்க வேண்டும். தோற்றுக்காட்டாமல் வெல்ல முடியாது. ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்து வாழும் சமூகத்தின் கணக்கு இப்படித்தான் ஓடும்.

அலெக்ஸ் ராபர்ட்ஸின் 'ஸ்டார் கிராஸ்டு' இருவருக்கானது. மனம் விரும்புகிறது, ஆனால் கூடாது. மேசையில் மரக்கட்டைக் கோபுரம். ஒவ்வொரு செய்கைக்கும் கட்டையைத் தொட வேண்டும் அல்லது உருவ வேண்டும். கோபுரம் சரியும் நொடியில் பாத்திரங்கள் மனத்துக்குப் பணிந்துவிடுகின்றன. சொல்லாமல் வைத்திருப்பதன் நடுக்கத்தை விரல்நுனிக்குக் கொண்டுவருகிறது இந்த ஆட்டம்.

ஏப்ரல் கிட் வால்ஷின் 'தர்ஸ்டி ஸ்வார்ட் லெஸ்பியன்ஸ்' 2021-இல் வந்தது. வாள் சுழற்றிக்கொண்டே எதிரியிடம் காதல் வயப்படும் பெண்களின் கதை. அறிபுனை எழுத்துக்கான நெபுலா விருதுகளில் ஆட்ட எழுத்துப் பிரிவை வென்ற முதல் மேசை விளையாட்டு இதுதான். அழுகையும் மரணமும்தான் தங்கள் கதைக்கு விதித்தவை என்றிருந்த மரபில், கொண்டாட்டத்தையே விதியாக எழுதியது இதன் புதுமை.

7. திரையின் மேல்

திரை விளையாட்டில் இத்தகைய மாற்றத்துக்கு வழி திறந்தது மலிவான கருவி. 2009-இல் கிறிஸ் கிளைமஸ் வெளியிட்ட ட்வைன், நிரல் தெரியாதவரும் கிளைவிடும் கதையாட்டம் எழுத உதவியது. திருநங்கையான அன்னா ஆந்த்ரபி 2012-இல் தம் ஹார்மோன் சிகிச்சை அனுபவத்தை 'டிஸ்ஃபோரியா' என்ற சிற்றாட்டமாக்கினார். அதில் ஒரு காட்சியில், சுவரின் திறப்புக்குப் பொருந்தாத வடிவம் ஒன்றை நுழைக்கப் பார்க்க வேண்டும். எப்படித் திருப்பினாலும் நுழையாது. ஆடுபவர் தோற்பதுதான் அதன் பொருள். அதே ஆண்டில் மேட்டி பிரைஸ் 'மைனிச்சி' செய்தார். திருநங்கை ஒருவர் வீட்டிலிருந்து காப்பிக் கடைக்கு நடந்து போவதே முழு ஆட்டம்.

பிரியானா லெய்யின் 'பட்டர்ஃபிளை சூப்' 2017-இல் வந்தது. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் பேஸ்பால் ஆடும் நான்கு ஆசிய வம்சாவளிப் பள்ளிச் சிறுமிகள். அவர்களுள் தியா, அகர்ஷா என்று இந்தியப் பெயர்கள். கேமர்எக்ஸை நடத்தியவர்களின் நிறுவனமான மிட்பாஸ் 2015-இல் வெளியிட்ட 'ரீட் ஒன்லி மெமரீஸ்' துப்பறியும் ஆட்டம், தொடக்கத்திலேயே உங்களை எப்படிக் குறிப்பது என்று கேட்கிறது. கூடத்தில் மார்பில் இருந்த வில்லை இங்கே ஆட்டத்துக்குள் வந்துவிட்டது. விழாவின் பழக்கம் நிரலாவதற்கு இது நேர்ச் சான்று.

8. காப்பகம்

விழா இரண்டு நாளில் முடியும். நெகிழ்வட்டும் காலத்தில் அழியும். 'கேபிளேட்' ஆட்டத்தின் பிரதி, அதை எழுதியவரிடமே வீடு மாறும்போது தொலைந்துபோனது. டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் ஷா தொடங்கிய பால்புதுமையர் வீடியோ கேம் காப்பகம், ராச்செஸ்டர் நகரின் ஸ்ட்ராங் விளையாட்டு அருங்காட்சியகம், இணையக் காப்பகம் ஆகியவை சேர்ந்து இத்தகைய ஆட்டங்களை மீட்டன. 'கேப்பர்' 2017-இல் மீண்டும் ஆடும் நிலைக்கு வந்தது, 'கேபிளேட்' 2020-இல்.

பெர்லினின் ஷ்வூலஸ் அருங்காட்சியகத்தில் 2018 டிசம்பர் முதல் 2019 மே வரை நடந்த 'ரெயின்போ ஆர்கேட்' கண்காட்சி, முப்பது ஆண்டு வரலாற்றை ஒரே கூடத்தில் வைத்தது. ஷா அதன் அமைப்பாளர்களுள் ஒருவர். கண்ணாடிப் பெட்டிக்குள் பார்ப்பதோடு நிற்காமல், பார்வையாளர்கள் உட்கார்ந்து ஆடவும் முடிந்தது. ஆடாமல் விளையாட்டைக் காட்சிக்கு வைப்பது, பாடாமல் ராகத்தை விளக்குவது போலத்தான்.

9. மறுப்புகள்

9.1 தனி விழா எதற்கு?

எல்லோரும் விளையாடுபவர்களே என்றால் தனிக்கூடம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. பால்புதுமையர் உரிமைக்கான அமெரிக்க அமைப்பான கிளாட் 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, அமெரிக்காவில் விளையாடுபவர்களில் 17 விழுக்காட்டினர் பால்புதுமையர். அவர்களைக் காட்டும் ஆட்டங்களோ 2 விழுக்காட்டுக்கும் கீழே. ஆறில் ஒருவர் அமர்ந்திருக்கும் பந்தியில் ஐம்பதில் ஓர் இலைக்குத்தான் பரிமாறப்படுகிறது. இந்த இடைவெளி உள்ளவரை, தனிக்கூடம் பிரிந்துபோவதற்கான இடமாகாது. பசித்தவர்கள் தாமே உலை வைக்கும் இடமாகவே இருக்கும்.

9.2 பணத்தின் விதி

இரண்டாம் மறுப்பு வலுவானது. விடுதி வாடகை, நுழைவுக் கட்டணம், விளம்பரதாரர் என்று வரும்போது விழாவும் சந்தைக்குள்ளேதான் நிற்கிறது. பணம் குறைந்தவருக்குப் பாலின வேறுபாடு பார்க்காத கழிவறையும் எட்டாது. தனிப் படைப்பாளர்கள் தம் ஆட்டங்களை விற்கும் இட்ச் தளத்தில் 2021 முதல் விற்கப்பட்ட பால்புதுமையர் ஆட்டத் தொகுப்பு, இயன்றதைக் கொடுத்து நூற்றுக்கணக்கான ஆட்டங்களைப் பெறும் வழியைக் காட்டியது. ஆனால் 2025 ஜூலையில், பணப் பரிமாற்ற நிறுவனங்களின் நெருக்கடியால் அதே தளம் வயதுவந்தோருக்கான ஆட்டங்களைத் தேடலிலிருந்து மறைத்தபோது, பால்புதுமையர் படைப்புகள் பலவும் சேர்ந்தே மறைந்தன. பெயரையும் விதியையும் கூடத்தையும் படைப்பாளர் கட்டலாம். கல்லாப்பெட்டியின் சாவி வேறொருவர் இடுப்பில் இருக்கிறது.

10. இந்தியக் கண்ணி

2014 நவம்பரில் 'டிராகன் ஏஜ்: இன்க்விசிஷன்' உலகெங்கும் வெளியானது. அதில் டோரியன் என்ற மந்திரவாதி ஆண்களை நேசிப்பவன். கிரெம் என்ற வீரன் ஒரு திருநம்பி. இந்தியாவில் முன்பதிவு செய்தவர்களுக்கு ஆட்டம் வரவில்லை. உள்ளூர்ச் சட்டத்தை மீற நேரும் என்று சொல்லி, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் விற்பனையிலிருந்து தானே விலகிக்கொண்டது. எந்தக் காட்சி என்று விளக்கவில்லை. ஒருபாலுறவுக் காட்சிகளே காரணம் என்று பத்திரிகைகள் எழுதின.

காலத்தைக் கவனிக்க வேண்டும். ஒருபாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவுக்கு உச்ச நீதிமன்றம் மீண்டும் உயிர் கொடுத்தது 2013 டிசம்பர் 11 அன்று. இருவர் மனமொத்த உறவை அதிலிருந்து விடுவித்தது 2018 செப்டம்பர் 6 அன்று. அந்த ஐந்தாண்டு இடைவெளியில் விழுந்தது இந்த ஆட்டம். அரசு தடை விதித்ததாக ஆணை ஏதும் இல்லை. விதியின் நிழலைக் கண்டே வணிகம் பின்வாங்கியது. சென்னையில் ஆட்டத்துக்குக் காத்திருந்த ஒருவருக்கு நேர்ந்தது, தாயம் விழாதவனுக்கு நேர்ந்ததுதான். முகம் தெரிந்த எதிராளி யாரும் இல்லை.

11. முடிவுரை

பெயர் இல்லாத விதி 'சிம்ஸ்' ஆட்டத்தின் முத்தம் போலத் தற்செயலாகப் பிழைத்திருக்கும். யாரும் அதற்கு உரிமை கொண்டாட முடியாது. விதி மாறாத பெயர் 'கேபிளேட்' போல ஒரு நல்ல பழிவாங்கலாக முடியும். கூடம் இல்லாத பெயரோ, பொது அரட்டையில் சொன்ன நொடியில் எச்சரிக்கை வாங்கித் தரும். கேமர்எக்ஸ் போன்ற விழாக்களின் பங்களிப்பு இம்மூன்றையும் இரண்டு நாளுக்காவது பொருத்திக் காட்டியது. பொருத்த முடியும் என்று ஒருமுறை கண்டவர்கள், அந்த வில்லையையும் அட்டையையும் தங்கள் ஊர் மேசைகளுக்கும் தங்கள் நிரல்களுக்கும் எடுத்துச் சென்றார்கள்.

தாயக்கட்டத்திலும் விதி கல்வெட்டு அல்ல. காய் இறங்கத் தாயம்தான் விழ வேண்டுமா, ஐந்து விழுந்தாலும் இறக்கலாமா என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஆட்டம் தொடங்கும் முன், கட்டத்தைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் அதைப் பேசி முடித்துக்கொள்வார்கள். அந்தப் பேச்சில் கலந்துகொள்ள முதலில் அங்கே போய் உட்கார வேண்டும். கபுகி விடுதியில் கூடியவர்கள் செய்தது அதைத்தான்.